கேட்டண்ணன் நீட்டிய கை

பட்டறை மூடிப்போன ஒரு மெக்கானிக், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் புது மாப்பிள்ளையை எங்கள் மைதானத்துக்குப் பந்தாட்டம் பார்க்க அழைத்து வந்தார். மாப்பிள்ளை கையில் டிக்கெட் இருந்தது. மாமனார் கையில் இல்லை. ஒன்று வாங்கத்தான் அவருக்கு முடிந்திருந்தது. மாப்பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி வெளியிலேயே நின்றுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மாப்பிள்ளையோ மரியாதை தெரிந்த பிள்ளை. "நீங்க முன்னால போங்க மாமா" என்று ஒதுங்கி வழிவிட்டது. பின்னால் நீண்ட வரிசை. மெக்கானிக்குக் காதோரம் வேர்த்து ஒழுகியது.

வாசல் கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிற கேட்டண்ணன் கையை நீட்டினார். மெக்கானிக்கின் வெறும் விரல்களிலிருந்து எதையோ வாங்குவதுபோல வாங்கினார். சரக்கென்று தாள் கிழிகிற சத்தம் கேட்டது. பாதித் துண்டை மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, "டிக்கெட் வேர்வைல நனைஞ்சிருக்கு சார், பத்திரமா வச்சுக்கங்க. அடுத்தவரு வாங்க" என்றார்.

அது போன வாரத்து டிக்கெட்டின் துண்டு. அப்படிப்பட்ட துண்டுகள் நாலைந்து அண்ணனின் மேல்பையில் எப்போதும் கிடக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பந்தாட்டச் சங்கத்து ஜெர்சிகளைத் துவைக்கிறவள் நான். சங்கம் கொடுத்த நீலச்சட்டையை அண்ணனும் என்னிடம்தான் போடுவார். பையைப் பார்க்காமல் நனைத்துவிட்டு, கூழாகிப்போன தாளை நான் எத்தனையோ முறை வழித்து எடுத்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன். "தலைகுனிஞ்சு உள்ள போறவன் நிமிர்ந்து ஆட்டம் பாக்க முடியாது தங்கச்சி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற காலரிக்கு அடியில்தான் என் துவைக்கும் அறை. ஒரு குழாய், ஒரு கல், இரண்டு தொட்டி. துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை காலரித் தூணிலும் மறுமுனை கேட்டுத் தூணிலும் கட்டியிருக்கும். அதனால் ஆட்ட நாட்களில் நான் நிமிரும்போதெல்லாம் என் கண்ணில் படுவது அண்ணனின் முதுகு. அவர் கண்ணில் படுவது தெரு. இருபத்தாறு வருஷம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்ற மனிதர் அவர். ஆனாலும் ஆட்டம் அவருக்குத் தப்பாது. "நம்ம கோல்னா சத்தம் மேல எழும்பும், அவங்க கோல்னா சத்தம் தரையில விழும். இதுக்கு எதுக்குத் திரும்பிப் பாக்கணும்" என்பார். யாராவது கிண்டலாக, "அண்ணே, முதுகுல கண்ணு முளைச்சிருக்கா" என்று கேட்டால், "கண்ணு இல்லப்பா, காது" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பிதான் ஒன்பது வருஷம் எங்கள் அணியின் கோல்கீப்பராக நின்றவர். பாய்ந்து பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்த்து ஊரே அவருக்குப் பூனை என்று பேர் வைத்திருந்தது. அண்ணன் கேட்டைக் காக்கிறான், தம்பி கோலைக் காக்கிறான், இந்த வீட்டுக்காரர்களைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகாது என்று ஜனங்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அண்ணன் தோள் ஒரு சுற்றுப் பெருத்துப்போகும்.

பிறகு ஒரு இறுதி ஆட்டம் வந்தது. கடைசி நிமிஷம். உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்து. குழந்தைகூடக் குனிந்து எடுத்துவிடும். பூனையின் கைக்குள் வந்து, நழுவி, கால் இடுக்கில் புகுந்து கோலுக்குள் போய்விட்டது. கோப்பை போனது. மறுநாள் யாரோ ஒருத்தர் டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டார். "காசு வாங்கிட்டான்பா." அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு வாயும் காலும் முளைத்துவிட்டது. சங்கத்தில் விசாரித்தார்கள். தப்பு செய்தார் என்றும் நிரூபிக்கவில்லை, செய்யவில்லை என்றும் நிரூபிக்கவில்லை. ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் டிக்கெட் இல்லாமல் உள்ளே வர ஒரு பச்சை அட்டை கொடுப்பார்களே, பூனையின் அட்டையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் பூனை வந்தார். கையில் அட்டையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையே பேச்சை நிறுத்திவிட்டு அண்ணனையும் தம்பியையும் பார்த்தது. கேட்டண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்தார். தம்பியின் வெறுங்கையிலிருந்து வாங்குவதுபோல வாங்கி, பையிலிருந்த துண்டைக் கிழித்து அவர் கையில் வைத்தார்.

பூனை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போன வாரத்து டிக்கெட்டுண்ணே."

"பேசாம உள்ள போடா" என்றார் அண்ணன், அடிக்குரலில்.

"ஏற்கனவே கள்ளன்னுதான் சொல்றாங்க. இப்ப நீயே கள்ள டிக்கெட்ல விடுறியா என்னை? ஒன்பது வருஷம் நின்ன மைதானம். என் தம்பி உள்ள வரான், எவன் கேக்குறது, அப்படின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல."

அதைச் சொல்லித் துண்டைக் கீழே போட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணனுக்கு முகம் செத்துப்போயிருக்க வேண்டும். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு விறைத்தது. கையை நேராக நீட்டி, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"அப்ப டிக்கெட் வாங்கிட்டு வா."

பூனை அந்தக் கையைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கூப்பிடு தூரத்தில் இரண்டு வீடு. ஒரே பால்காரர் இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றினார். நான் குடியிருந்ததும் பூனை வீட்டுத் தெருவில்தான். துவைத்த தண்ணீரைக் கொட்ட மைதானத்துப் பின்பக்கம் போகும்போதெல்லாம் நான் பார்த்தது ஒன்று உண்டு. ஆட்டம் நடக்கிற நேரத்தில் பூனை மைதானத்துப் பின்சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு, சங்கிலியைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருப்பார். சங்கிலியில் ஒரு கோளாறும் இருக்காது.

அண்ணன் அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஒரு வேலையைத் தொடங்கினார். சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில், எல்லாம் முடிந்து நாற்காலியை மடக்கும் நேரத்தில், எழுந்து நின்று ஒரே விஷயத்தைச் சொல்வார்.

"ஆட்டம் பாக்க எல்லாரையும் சும்மா விடணும்."

முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷமும் சிரித்தார்கள். பிறகு பதில் சொல்லத் தொடங்கினார்கள். பொருளாளர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். கெட்டவர் இல்லை, கறார். அவர் சொல்வார்:

"ரெஃபரிக்கு யார் கொடுக்கறது? வெளியூர் போற வண்டிக்கு யார் கொடுக்கறது? புல்லு தானா வளருதா? சொல்லுங்கண்ணே. சும்மா கிடைச்சா எவனும் மதிக்க மாட்டான். டிக்கெட் வாங்கினவன்தான் கடைசி விசில் வரைக்கும் உக்காந்திருப்பான்."

"வாங்கினவன் கத்துறதும் வாங்காதவன் கத்துறதும் ஒரே சத்தம்தான் முதலாளி. நான் முதுகால கேட்டிருக்கேன்" என்றார் அண்ணன்.

செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார், சொன்னார்: "சும்மா விட்டா நம்ம பிள்ளைங்களுக்கே மனசு விட்டுப்போகும். நம்ம ஆட்டத்துக்கு விலையே இல்லையான்னு நினைப்பாங்க."

"காலி பெஞ்சைப் பாத்து ஆடறப்ப மட்டும் மனசு விட்டுப்போகலையா சார்?"

ஒரு வருஷம் பொருளாளர் குத்தலாகவே கேட்டுவிட்டார். "எல்லாரையும் சும்மா விட்டா, உங்களை எதுக்குக் கேட்டுல நிறுத்தணும்?"

"நிறுத்த வேண்டாம்" என்றார் அண்ணன்.

கூட்டம் நடக்கிற கூடத்தைப் பெருக்குவதும் என் வேலை என்பதால் நான் துடைப்பத்தோடு கதவருகில் நின்றிருந்தேன். தன் சோற்றுக்குத் தானே மண் போட்டுக்கொள்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. இல்லாதவர்கள்மேல் இவ்வளவு இரக்கமா என்று நினைத்து மனதுக்குள் கும்பிட்டேன். இரக்கமும் இருந்தது. ஆனால் அடியில் வேறொன்று இருந்தது எனக்குத் தெரியாது.

அது தெரிந்தது போன வருஷம்தான். பூனை பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்துவந்தார். ஏணியில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். டாக்டர் ஏணியே ஏறக்கூடாது என்றுவிட்டார். இருதயம் பலவீனமாம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பூனையின் மனைவி என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இவரு வீட்ல சும்மா படுத்துக்கிட்டு ஒரே பேச்சுதான். ஒருதரம் உள்ள போய் அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால உக்காந்துட்டு வந்துடணும்னு. சரி, நான் டிக்கெட் வாங்கிட்டு வரேன், போகலாம்னா, என்னை மேலயும் கீழயும் பாக்கறாரு. என் இடத்துக்கு நான் டிக்கெட் வாங்கணுமாங்கறாரு."

மறுநாள் நான் அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவன் டிக்கெட்டும் வாங்க மாட்டான், ஓசியிலயும் வரமாட்டான் தங்கச்சி" என்றார். "அட்டையைத் திருப்பிக் கொடுங்கன்னு ரெண்டு தரம் கேட்டுப் பாத்துட்டேன், முடியாதுன்னுட்டாங்க. டிக்கெட்டுன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும்தானே அவன் கள்ளன், நான் காவக்காரன்? அதுவே இல்லன்னா எல்லாரும் வரமாதிரி அவனும் வரலாம்ல. யாரும் யாரையும் விட வேண்டியதில்ல பாரு."

பத்து வருஷம் அவர் கேட்டது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வருஷக் கூட்டத்தில் அவர் கெஞ்சினார். கெஞ்சி நான் பார்த்தது அது ஒருமுறைதான். கடவுளுக்கு நன்றி, காலமும் தோதாக அமைந்தது. தோற்றுத் தோற்று அணி லீக்கில் ஒரு படி கீழே இறக்கப்பட்டிருந்தது. காலரியில் ஆட்களைவிடப் புறாக்கள் அதிகம். பொருளாளர் கொஞ்சநேரம் மோவாயைச் சொறிந்துவிட்டு, "புறாவுக்கு டிக்கெட் கிழிச்சு என்ன ஆகப்போகுது. சுவர்ல விளம்பரம் எழுத ஒரு சிமெண்டுக் கடைக்காரன் கேக்குறான். இந்த சீசன் மட்டும் விட்டுப் பாப்போம்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "உங்களுக்காக இல்லண்ணே, பெஞ்சுக்காக" என்றார். வாத்தியார், முன்வரிசையில் அண்ணனுக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று போடவேண்டும், இருபத்தாறு வருஷம் பார்க்காத ஆட்டத்தை இனி அவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே அண்ணன் என் அறை வாசலுக்கு வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமைல இருந்து டிக்கெட் கிடையாதுன்னு அவன் வீட்ல சொல்லிடும்மா. நான் சொன்னேன்னு சொல்லாதே."

சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த பூனை எழுந்து உட்கார்ந்தார். "நிஜமாவா? யாருக்குமே கிடையாதா? பொருளாளர் மச்சானுக்குக்கூடவா?" என்று சின்னப்பிள்ளைபோலக் கேட்டார். எங்கள் பொருளாளரின் மச்சான் எப்போதும் ஓசியில் வருகிறவர். "அவரும் நீங்களும் இனிமே ஒண்ணுதான் தம்பி" என்றேன். பூனை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. "எப்பவோ தைச்ச வெள்ளைச்சட்டை பெயிண்ட் படாம ஒண்ணு இருக்கும், தேடு" என்று மனைவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேட்டை அகலத் திறந்து கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. அண்ணன் அதில் போய் உட்கார்ந்தார். கொஞ்சநேரத்தில் எழுந்து வந்துவிட்டார். பழையபடி கேட்டருகில், பழையபடி தெருவைப் பார்த்து.

"என்னண்ணே, நாற்காலி குத்துதா?" என்றேன்.

"அங்கேருந்து வாசல் தெரியல" என்றார்.

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் நினைத்ததைவிட நிறையப் பேர். பெண்கள் வந்தார்கள். மெக்கானிக், மாப்பிள்ளையோடும் மகளோடும் வந்தார். முதல் ஆள் கிட்டே வந்ததும் அண்ணனின் வலது கை தானாக எழுந்து நீண்டது. வந்தவர் திகைத்தார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவருக்கும் நீண்டது. மூன்றாமவருக்கும் நீண்டது. "என்னண்ணே, காத்தைக் கிழிக்கிறீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். "இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுப்பா" என்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்திலிருந்து அந்த இரண்டு கைகளும் நன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு ஆள் வரும்போதும் பிடிக்குள் அந்த வலது கை துள்ளியது.

விசில் அடிக்கக் கொஞ்சநேரம் இருக்கும்போது தெருமுனையில் பூனை வந்தார். வெள்ளைச்சட்டை. நாலு எட்டு நடப்பதும் நிற்பதுமாக வந்தார். மனைவி பின்னால் வந்தாள். நான் கையிலிருந்த ஜெர்சியைப் பிழியவும் மறந்து நின்றேன். கடவுளே, இந்த ஒரு காரியத்தை நல்லபடி முடித்துக்கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. பின்னால் இறுகியிருந்த பிடி தளர்ந்தது. பூனை கேட்டு முன்னால் வந்து, அண்ணனுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி நின்றார். இரண்டு பேரும் அப்படி நின்று பதினோரு வருஷம்.

அண்ணனின் கை எழுந்து நீண்டது.

உள்ளங்கை மேலே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக.

பூனை அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கடையில் சாமான் எடுத்துவிட்டுக் காசு இல்லையென்று தெரிந்தவர்போல, தன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"இன்னுமா கேக்குறே?" என்றார் மெதுவாக.

திரும்பினார். மனைவி, "அது இல்லைங்க, அவரு..." என்று எதையோ சொல்ல வந்தாள். அவர் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே விசில் அடித்தது. பிந்தி வந்த கூட்டம் ஒன்று தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. அண்ணன் தம்பியின் பின்னால் பாய்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருமுனை வரை அவர் போவதற்குள் பூனை ஒரு ஆட்டோவில் ஏறிப்போய்விட்டார். அண்ணன் திரும்பி வந்தபோதும் அந்தக் கை அப்படியே பாதி நீண்டிருந்தது. கொடியிலிருந்து துணியை எடுப்பதுபோல நான்தான் அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

அன்று எங்கள் அணி ஜெயித்தது. சத்தம் மேலே எழும்பிக்கொண்டே இருந்தது. அண்ணன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நீ பாத்தியா தங்கச்சி?" என்றார். "அவன் என்னைப் பாத்தப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சு? சிரிச்சேனா?"

"முதுகுதான் தெரிஞ்சுதுண்ணே" என்றேன். சிரித்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், வரவில்லை.

அந்த வாரம் அவர் மூன்று முறை தம்பி வீட்டுக்குப் போனார். முதல்முறை தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை பூனையின் மனைவி, "தூங்கறாரு மாமா" என்று கண்ணால் கெஞ்சினாள். உள்ளே இருமல் கேட்டது. மூன்றாம் முறை அண்ணன் படியில் நின்று, "டேய், பழக்கதோஷத்துல நீண்ட கைடா அது. உன்னைக் கேக்கலடா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு உள்ளிருந்து பூனையின் குரல் வந்தது.

"டிக்கெட் இருந்தா உள்ள வரச்சொல்லு."

எதிர்வீட்டுப் படியில் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அண்ணன் அங்கிருந்து என்னிடம் வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கேலி பண்றான்மா" என்றார். "பதினோரு வருஷம் கழிச்சு என்னைக் கேலி பண்றான். கேட்டியா? கேலி பண்ணினா பாதிக் கோவம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். டிக்கெட்தானே, என்கிட்டயா இல்ல? மிச்சமிருக்கற புஸ்தகத்துல ஒண்ணைக் கிழிச்சுக்கிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால வந்து அவன் கைல கொடுக்கறேன். அவன் கிழிக்கட்டும். கிழிச்சுட்டு விடட்டும்."

அன்றைக்கே போயிருக்கலாம். டிக்கெட் புத்தகம் அலுவலக அலமாரியில் இருந்தது. சாவி வாத்தியாரிடம் இருந்தது. அண்ணன், கேட்காமல் எதையும் எடுக்காத ஆள். வாத்தியார் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் வந்ததும் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டிக்கெட் வாங்கினார். அதே காலையில், முகம் கழுவப் போன இடத்தில், பூனை சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். வீடு நிறைய ஆட்கள். அவர் படியில் ஏறவில்லை. படிக்குக் கீழே தெருவில் நின்றார். வலது கையில் டிக்கெட் இருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து உள்ளே கூப்பிட்டார்கள்.

"அவன் டிக்கெட் கேட்டான். கொண்டு வந்திருக்கேன்" என்றார். "வாங்கிக்கட்டும். வாங்கினப்புறம் வரேன்."

துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் எப்படி விளக்குவது? கடைசியில் பூனையின் மனைவியே வெளியே வந்தாள். அந்த வலது மணிக்கட்டைப் பிடித்து, டிக்கெட்டோடு, அவரைத் தம்பியிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த சீசன் முடிந்ததும் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். கூட்டம் வருகிறது, சுவர் விளம்பரம் வருகிறது, பிள்ளைகள் ஆட்டமும் தேறியிருக்கிறது, இனி எப்போதும் இலவசமாகவே இருக்கட்டும் என்று முடிவானது. பொருளாளர் எழுந்து, "இதைப் பத்து வருஷமாச் சொன்னவர் கேட்டண்ணன்தான். நான்தான் காது கொடுக்கல" என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். பூனையின் பச்சை அட்டையை அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுப்பதென்றும் எழுதிக்கொண்டார்கள். அவள் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், அரிசிப் பானைக்கு மேலே மாடத்தில் வைத்திருக்கிறாள். அண்ணன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மைதானத்துக்கே அவர் பிறகு வரவில்லை. நீலச்சட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பையில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை.

அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா தனியாக இருக்கவேண்டாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினார். ஒரு பெட்டி, ஒரு பை. நான் துவைத்த கையோடு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடவுள் காப்பாத்துவாருண்ணே என்றேன். தலையை ஆட்டினார். நேரத்துக்குச் சாப்பிடுங்க என்றேன். அதற்கும் ஆட்டினார்.

கண்டக்டர் முன்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாக வந்தார். அண்ணனிடம் வந்ததும் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே. அண்ணன் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணாந்து கண்டக்டர் முகத்தைப் பார்த்தார். "பெரியவரே, எந்த ஊரு?" என்று அவர் இரண்டாம் முறை கேட்டபிறகுதான் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் அடுத்த இருக்கைக்குப் போனார்.

பஸ் நகரத் தொடங்கியது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பாத்தியா தங்கச்சி? நல்ல மனுஷன்தான், மரியாதையாப் பேசறாரு. ஆனா கைய நீட்டறப்ப மூஞ்சில ஒண்ணுமே இல்ல பாரு. என் தம்பி அன்னைக்கு இதைத்தான் பாத்திருக்கான்."